பேட்டரி அண்ணாச்சியின் சந்தேகம்

கோவில்பட்டியில் அருஞ்சுனை என்பவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அந்தக் காரின் பானெட்டுக்குள், ஒரு மூலையில் பேட்டரி உட்கார்ந்திருந்தது. யார் எவ்வளவு கரண்ட் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே அதற்கு முழுநேர வேலை. மற்ற பாகங்கள் எல்லாம் அதை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டன.

அண்ணாச்சிக்கு ஒருத்தர்மீதும் நம்பிக்கை கிடையாது. ஹார்ன் கத்தினால், இவ்வளவு கத்த வேண்டுமா என்று முறைக்கும். மழை நின்றபின் வைப்பர் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடினால் சண்டைக்கு வரும். ரேடியோவின் பேச்சை எடுத்தாலே அதற்கு வயிறு எரியும். இத்தனை பேருக்குக் கொடுத்தும், கார் வீடு திரும்பும்போது அதன் வயிறு நிறைந்தே இருந்தது. அது எப்படி என்று அண்ணாச்சி யோசித்ததில்லை. எல்லாம் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டது.

அதன் கண்ணை அதிகம் உறுத்தியது மீட்டர் போர்டில் இருந்த சிவப்பு பல்புதான். காலையில் சாவியைத் திருப்பியதும், முந்திக்கொண்டு ஒரு வாய் கரண்ட்டை வாங்கிக்கொள்ளும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும், ஒன்றுமே நடக்காததுபோல அணைந்துவிடும். போதாக்குறைக்கு அதன் முகத்தில் பேட்டரியின் படம் வேறு.

"என் படத்த மூஞ்சில ஒட்டிக்கிட்டு என் வீட்டுலயே கன்னம் வைக்கிறியா?" என்றது அண்ணாச்சி.

"நான் திங்கல அண்ணாச்சி. என் வழியாப் போகுது, அவ்வளவுதான்."

"எங்க போகுது?"

"அது எனக்குத் தெரியாது."

"மாட்டிக்கிட்டவன் எல்லாம் இதத்தான் சொல்லுவான்."

பல்பு அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அதுவே அண்ணாச்சிக்குச் சாட்சியாகப் போயிற்று. இந்தப் பயலை என்றைக்காவது வெளியே தள்ள வேண்டும் என்று கறுவிக்கொண்டது.

அந்த நாளும் வந்தது. மீட்டர் வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்று அருஞ்சுனை ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டைக் கழற்றினார். பழைய பல்புகளை எல்லாம் பிடுங்கி ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டுவிட்டு, புது எல்.இ.டி.களைச் செருகினார். எல்.இ.டி. ஒரு பக்கமாக வைத்தால்தான் எரியும், திருப்பி வைத்தால் எரியாது. எரியாதவற்றை அவர் திருப்பி வைத்துச் சரிசெய்தார். சிவப்பு பல்பின் இடத்தில் வைத்ததும் எரியவில்லை. அதை மட்டும் அவர் திருப்பாமல் விட்டுவிட்டார். அது எரிந்தால்தானே கோளாறு என்று அர்த்தம்?

அண்ணாச்சி புது ஆளை விசாரித்தது. "நீ எவ்வளவு எடுப்ப?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி," என்றது எல்.இ.டி. "என்னைத் திருப்பி உக்கார வச்சிட்டாங்க. என்னால ஒண்ணும் எடுக்கவும் முடியாது, ஒண்ணும் சொல்லவும் முடியாது."

"இப்படி ஒரு ஆளத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்," என்று அண்ணாச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சி நீடிக்கவில்லை. நாளுக்கு நாள் அதன் வயிறு வற்றிக்கொண்டே வந்தது. திருடனைத்தான் துரத்தியாயிற்றே, பிறகு எப்படி? அப்படியானால் உள்ளே இன்னொருத்தன் இருக்கிறான். ஹெட்லைட்டைப் பிடித்து உலுக்கியது. ஹார்னைப் பிடித்துக் குடைந்தது. அது விசாரிக்காமல் விட்டது டைனமோ ஒன்றைத்தான். டைனமோ இன்ஜின் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு கிடந்தது. அண்ணாச்சியிடம் அது எதுவும் கேட்டதில்லை, அதனால் அண்ணாச்சி அதைக் கவனித்ததும் இல்லை. கவனித்திருந்தால், அது தூங்கிக்கொண்டே சுற்றுவது தெரிந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. அருஞ்சுனையும் அவர் மனைவி சண்முகக்கனியும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் அவர் இன்ஜினை அணைத்தார். கேட் திறந்தபோது சாவியைத் திருப்பினார். கட் கட் என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. நாலு பேர் இறங்கித் தள்ளிய பிறகுதான் வண்டி கிளம்பியது.

"பேட்டரி செத்துப்போச்சு," என்றார் அருஞ்சுனை. "நாளைக்குப் புதுசு வாங்கிட்டு, இத எடைக்குப் போட்டுரணும்."

அண்ணாச்சிக்கு உயிரே போய்விட்டது. இத்தனை நாள் எல்லாரையும் சந்தேகப்பட்டதற்கு, இப்போது எல்லாரும் சேர்ந்து தன்னைச் சந்தேகப்படுவதுபோல இருந்தது.

சண்முகக்கனிக்கு வேறு சந்தேகம். "நீங்க மீட்டர நோண்டுனதுல இருந்துதாங்க இப்படி. முன்னெல்லாம் சாவியத் திருப்புனா ஒரு செவப்பு லைட்டு எரியும்ல. அதக் காணோமே."

"அது எரியாம இருந்தா நல்லதும்மா. எரிஞ்சாத்தான் கோளாறு."

"கோளாறு இல்லாம எரியலையா, கோளாறச் சொல்ல ஆளில்லாம எரியலையா? அத மட்டும் பழசப் போட்டுப் பாருங்க. இல்லேன்னா புதுசு வாங்க விடமாட்டேன்."

மறுநாள் காலையில் அருஞ்சுனை, அவள் வாயை அடைப்பதற்காகவே மிட்டாய் டப்பாவைத் திறந்தார். பழைய பல்பைச் செருகி, சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது.

அண்ணாச்சியிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒரு வாய்தான். "சாகப்போறவன் வாயில இருந்துமா பிடுங்குற?" என்று அதற்கு ஆத்திரம் பொங்கியது. இந்தத் தடவை விடக்கூடாது, எங்கே கொண்டுபோய் ஒளிக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும். போகும் கரண்ட்டின் பின்னாலேயே கண்ணை ஓட்டியது.

சண்முகக்கனியும் பக்கத்து வீட்டுக்காரரும் வண்டியைத் தள்ளினார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு வாய் பல்புக்குள் போனது, பல்பில் நிற்கவில்லை. ஒரு மெல்லிய வயர் வழியாக இறங்கி, நேரே டைனமோவிடம் போய்ச் சேர்ந்தது. டைனமோ கண்ணைத் திறந்தது.

"கொஞ்ச நாளா என்னை யாரும் எழுப்பவே இல்லையே," என்றபடி சோம்பல் முறித்து வேலையைத் தொடங்கியது. மறு நிமிடம், வறண்டு கிடந்த அண்ணாச்சியின் வயிற்றுக்குள் கரண்ட் குடம் குடமாக வந்து விழுந்தது. சிவப்பு அணைந்து, அமுக்கிய ஹார்ன் பழையபடி கணீரென்று கத்தியதும், அருஞ்சுனை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். புது பேட்டரியைப் பற்றி அவர் அதன்பின் பேசவில்லை.

அண்ணாச்சி வெட்கத்தில் குறுகிப்போயிற்று. அடுத்த நாள் காலை சாவி திரும்பும்வரை காத்திருந்து, பல்பு எரிந்ததும் கேட்டது.

"ஏம்ப்பா, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க போகுதுன்னு எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது அண்ணாச்சி. ஆனா, எங்க போகுது எங்க போகுதுன்னு கேட்டீங்களே, உங்களுக்கு எங்க இருந்து வருதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காததுபோல, பல்பு அணைந்தது.