மஞ்சள் தட்டான், நீலத் தட்டான்

திருவாரூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன மடம். அதன் தலைவி தில்லைநாயகிக்கு வயது முப்பத்தைந்துதான். சிஷ்யை சொர்ணவல்லிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு சிஷ்யையை "அக்கா" என்பாள், சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். புதிதாக வருகிறவர்கள் தலையைச் சொறிவார்கள்.

அன்று குழம்பி நின்றவள் சொர்ணவல்லி.

"அம்மா, எங்க வீட்டுக்காரரு வந்துருக்காரு. வாசல்ல நிக்கிறாரு."

"உங்களை அடிச்சுத் தொரத்தினவரா?"

"அவருதான். வீட்டுக்கு வான்னு கூப்புடுறாரு. ஆனா பாத்தா அவரு மாதிரியே இல்லம்மா. நெத்தி நெறைய திருநீறு. கையெடுத்துக் கும்புடுறாரு. நான் பயந்த ஆளு இவருதானான்னே புரியல."

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முந்தியது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"கொல்லைப் பக்கமா வயலுக்கு வாங்க, தட்டான் பாப்போம்" என்றாள் குரு.

வாசலில் ஒரு மனிதன் காத்து நிற்கும்போது தட்டான் ஒரு கேடா என்று சொர்ணவல்லிக்கு எரிச்சல். ஆனாலும் போனாள்.

நடவு முடிந்து தண்ணீர் நின்ற வயல். வரப்போரம் தட்டான்கள் தாழப் பறந்து தரையில் உட்கார்ந்தன.

"எத்தனை வகை இருக்கு, அக்கா?"

"மஞ்சள்ல கறுப்புக் கோடு போட்டது ஒண்ணு. முழு நீலம் ஒண்ணு. மஞ்சள் மேல நீலம் பூசினாப்புல ரெண்டுங்கெட்டானா ஒண்ணு. மூணு."

"ஒரே வகைதான். ஆணு எளசுல மஞ்சளா இருக்கும். வயசாக ஆக மேல நீலப் பொடி படியும்."

"பொடின்னா, வேஷமா?"

"வேஷம் இல்ல. அதோட உடம்புலேருந்து ஊறி வர்றது."

"அப்ப மாறிடுச்சா?"

"அதே தட்டான்தான்."

"மாறிடுச்சுங்கிறீங்க, அதேங்கிறீங்க. இருந்த கொழப்பம் போதாதாம்மா?"

"வால் நுனியைப் பாருங்க."

சொர்ணவல்லி குனிந்து பார்த்தாள். மஞ்சளுக்கும் வால் நுனி வெள்ளை, நீலத்துக்கும் வெள்ளை.

"நான் பதில் சொல்லாம நின்னப்ப அவரு பல்லை நறநறன்னு கடிச்சாரும்மா. கும்புட்ட கை கும்புட்டபடியே இருந்துச்சு. அந்தக் காலத்துலயும் கை ஓங்குறதுக்கு முன்னாடி அப்படித்தான் கடிப்பாரு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவருதாம்மா. சந்தேகமே இல்ல." சொர்ணவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மடத்தை நோக்கித் திரும்பினாள். "தாலி கட்டினவரு இவருதான்னு ஆயிப்போச்சு. அப்பறம் போகாம முடியுமா? துணிமணியை எடுத்துக்கறேன்."

"அக்கா, தட்டானை அடையாளம் பாக்கத்தானே சொன்னேன்" என்றாள் தில்லைநாயகி. "பிடிச்சு மடியில கட்டிக்கச் சொன்னேனா?"