கிராம்புக்கு ஒரு சிட்டிகை

என்மேல் முதலில் பழி போட்டவன் அபுசாலி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

கழிமுகத்துப் பக்கம், சவுக்குத் தோப்பின் ஓரத்தில் மஸ்தான் பாவா குடிசை போட்டிருந்தார். நானும் அபுசாலியும் அவருடைய சீடர்கள். எங்களைவிடப் பூனைகள் அதிகம்.

பாவா எங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. ஒன்றைத் தவிர. பூனையை அடித்தவன் அங்கே தங்கக் கூடாது.

ஒரு நாள் காலையில் அபுசாலி ஒரு குட்டியை ஏந்திக்கொண்டு வந்தான். தாயில்லாத குட்டி. கறுப்பாக, சின்னதாக இருந்ததால் கிராம்பு என்று கூப்பிட்டோம். அவன்தான் வளர்த்தான்.

“பாவா, உதுமான் இதை உதைச்சிட்டான். பின்னங்கால் ரெண்டும் நிக்கவே மாட்டேங்குது.”

உதுமான் நான்.

“நீ பாத்தியா?” என்றேன்.

“பாக்கணுமா? பாயில மூத்திரம் போயிடுச்சுன்னு நேத்து யாரு கத்துனது?”

“நான்தான். கத்துனா காலு ஒடிஞ்சிருமா?”

“உன் தொண்டைக்கு ஒடியும்.”

பாவா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடிசையை விட்டால் எனக்குப் போக இடம் கிடையாது.

பாவா குட்டியின் முதுகை ஒரு விரலால் தடவினார். அது வலியில் கத்தியது. கையை எடுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை உருவித் தரையில் போட்டார்.

“அபுசாலி, இதை நிக்க வை.”

அவன் துண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். விட்டான். விழுந்தது. சுருட்டி நிறுத்திப் பார்த்தான். அப்போதும் விழுந்தது.

“துண்டு எப்படி பாவா நிக்கும்?”

“குட்டிக்கு என்ன குடுக்குறே?”

“பச்சைக் கறிதான். வேக வச்சா மோந்துகூடப் பாக்காது. கடைக்காரர்கிட்ட சொல்லித் தனிக்கறியாத்தான் வாங்குறேன். அப்பவும் விரலால தடவிப் பாத்து, துளி எலும்பு இருந்தாலும் எடுத்துப் போட்டுருவேன். தொண்டையில சிக்கிடும்ல?”

“எலி?”

“சீச்சீ. கிராம்பு எலியெல்லாம் தின்னாது. நான் விடமாட்டேன்.”

வெளியே கிராம்பு வயதுக் குட்டிகள் சவுக்கு மரத்தில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. அவை எலியும் ஓணானும் தின்று வளர்ந்தவை. தலை, வால், எலும்பு என்று எதையும் மிச்சம் வைக்காதவை.

பாவா அவற்றைப் பார்த்தார். அபுசாலியும் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த துண்டைப் பார்த்தான்.

“எலும்பில்லாத கறியில சுண்ணாம்புச் சத்து இல்ல,” என்றார் பாவா. “ஆனா உள்ள போன கறி அதைக் கேக்கும். குட்டி எங்க போகும்? தன் எலும்புல இருந்து எடுத்துக் குடுக்குது.”

அபுசாலி கிராம்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதான். அதனிடம் மன்னிப்புக் கேட்டான். என் பக்கம் திரும்பவில்லை.

பாவா என்னைக் கூப்பிட்டார்.

“முட்டை ஓட்டைக் கழுவிக் காய வச்சு, அம்மியில மாவா அரை. கறியில கலந்து நீ குடு.”

“தப்பு அவன் செஞ்சது. அரைக்கிறது நானா?”

“பசி யாரோடது?”

அரைத்தேன். குட்டி சீக்கிரம் எழுந்தால் என் பேர் சீக்கிரம் தெளியும். கை நிறைய அள்ளிக் கறியில் போட்டேன்.

குட்டிக்கு வயிறு கட்டிக்கொண்டது. மண்ணில் விட்டால் முக்கியது. ஒன்றும் வரவில்லை. அதற்கும் அபுசாலிதான் காரணம் என்பேன்.

“எவ்வளவு போட்டே?” என்றார் பாவா.

கையை விரித்துக் காட்டினேன்.

“இது கிராம்புக்குப் போட்டதா, அபுசாலிக்குப் போட்டதா?”

விரித்த கையை மூடிக்கொண்டேன்.

பாவா ஒரு கை கறியை எடுத்து வைத்தார். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை மாவு எடுத்து அதன்மேல் தூவினார். அவ்வளவுதான். மீதியை என்னிடமே தந்துவிட்டார்.

அதன் பிறகு நான் அப்படித்தான் கலந்தேன். குட்டி குதித்து எலும்பை ஒடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு கூடையில் வைத்தோம். கூடைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அபுசாலி. பேச்சு கிடையாது. தோப்பில் காற்று இரையும். கழிமுகத்தில் தண்ணீர் ஏறி இறங்கும். நான் கறி பிசைவேன், அவன் கூடையைத் திறப்பான். கிராம்பு என் விரலை நக்கும், பிறகு அவன் விரலை நக்கும்.

அப்படி ஒரு காலம் எனக்குப் பிறகு அமையவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கிராம்பு கூடையிலிருந்து தானாக இறங்கியது. நின்றது. மெதுவாக நடந்து போய்ப் பாவாவின் மடியில் ஏறிக்கொண்டது. அபுசாலி கத்தினான், கை தட்டினான், பூனையைத் தூக்கி முத்தம் கொடுத்தான். தோப்பைச் சுற்றி எல்லோரிடமும் காட்டப் போய்விட்டான்.

நான் பாவாவிடம் போனேன்.

“அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாவா.”

“என்ன வார்த்தை?”

“தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சிருன்னு.”

“வேணுமா?”

“வேணும். சாகுற வரைக்கும் விடமாட்டேன்.”

“நான் விடச் சொல்லலையே. கையை நீட்டு.”

நீட்டினேன்.

பாவா மாவுக் கிண்ணத்தை இழுத்தார். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

பாவா இப்போது இல்லை. கிராம்பும் இல்லை. தோப்பு இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. அபுசாலி அக்கரையில்தான் இருக்கிறான். படகில் ஏறினால் வந்துவிடலாம்.

என்னிடம் இப்போதும் ஒரு பூனை இருக்கிறது. கறி பிசையும்போது இரண்டு விரலால்தான் எடுக்கிறேன்.

அவன் இன்னும் வந்து சொல்லவில்லை.