ஆட்டுக்கொம்பு மிளகாய்க்கு வந்த ஆபத்து

விளாத்திகுளத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ரெஜினாள், ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆட்டுக்கொம்பு மிளகாயைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். மறுநாளே அதன் உச்சியில் 'ஆதாரம் இல்லை; நீக்கலாமா?' என்று ஓர் அறிவிப்பு தொங்கியது. போட்டவர் நிர்வாகி நல்லமாணிக்கம். அவர் சொன்னால் அங்கே யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

கீழே வரிசையாக எண் போட்டு 'ஆதரவு' என்று எழுதியிருந்தார்கள். தன் மிளகாய்க்குத்தான் ஆதரவு என்று மகிழ்ந்து அவளும் 'ஆதரவு' போட்டாள். அது நீக்குவதற்கான ஆதரவு என்று பிறகுதான் தெரிந்தது.

"ஐயா, மாத்தி ஓட்டுப் போட்டுட்டேன்" என்று எழுதினாள்.

"இது ஓட்டெடுப்பே அல்ல" என்றார் நிர்வாகி.

"அப்புறம் ஏன் எண்ணுறீங்க?"

பதிலுக்கு அவர் ஒரு கட்டு விதிகளை அனுப்பினார். படித்ததும் குழப்பம் கூடியது. ஒன்றுதான் புரிந்தது: அச்சில் வந்த இரண்டு ஆதாரங்களை மாலைக்குள் காட்ட வேண்டும்.

கடையை விட்டுவிட்டு எந்த நூலகத்துக்குப் போவது? யோசித்துவிட்டு எழுதினாள்: "நீங்க சரியாத் தேடாமலே ஆதாரம் இல்லைன்னு சொல்றீங்களோன்னு தோணுது, ஐயா."

நிர்வாகிக்குச் சுருக்கென்றது. "நானா தேடவில்லை? பழைய மாவட்டக் கையேட்டில் அரைப் பக்கம், வேளாண் இதழில் ஒரு கட்டுரை. மொத்தமே அவ்வளவுதான்" என்று பக்க எண்ணோடு எழுதினார்.

அவள் இரண்டையும் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள்.

"அப்படியானால் நீங்கள் வைக்கச் சொல்கிறீர்களா, நீக்கச் சொல்கிறீர்களா?" என்று ஒருவர் நிர்வாகியைக் கேட்டார். அவர் தன் விதிகளையே மறுபடி புரட்டிப் பார்த்தார். விதிப்படி கட்டுரை தப்பியது. முடிவுக் குறிப்பில், ஆதாரம் தேடித் தந்தவர் யார் என்ற இடத்தில், நிர்வாகி தன் பெயரையே எழுத வேண்டியிருந்தது.