ஈரப்பாதம்

தர்மபுரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் அங்கே மூன்று நாளாகக் கோபமாக இருந்தார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. பதினாறு வருடமாக அறிவியல் ஆசிரியர். பி.எட். படிக்கும்போது பயிற்சிக்குப் போன பள்ளியில், குணசுந்தரி டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துதான் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார். இந்த முகாமில் அவர் இருந்த குழுவுக்கு குணசுந்தரிதான் முதன்மைத் தேர்வாளர். ஆறு பேர் திருத்துவார்கள். அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

கோபத்துக்குக் காரணம் ஒரு நான்கு மதிப்பெண் கேள்வி. ஈரத்துணி எப்போது விரைவாக உலரும், நான்கு சூழ்நிலைகளைக் காரணத்தோடு எழுதுக என்று கேட்டிருந்தார்கள். விடைக்குறிப்பில் நான்கு சொற்கள் இருந்தன. பரப்பு, காற்று, வெப்பநிலை, ஈரப்பதம். சொல்லுக்கு ஒரு மதிப்பெண்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே நான்கு வரியை எழுதியிருந்தார்கள். ஒரே வரிசை, ஒரே சொற்கள். எந்த கைடில் இருந்து வந்ததோ, அதில் ஓர் அச்சுப்பிழை. ஈரப்பதம் என்பது ஈரப்பாதம் என்று விழுந்திருந்தது. அதையும் அப்படியே எழுதியிருந்தார்கள். 'ஈரப்பாதம் குறைவாக இருந்தால் துணி விரைவில் உலரும்.'

முதல் தாளில் அதைப் படித்தபோது முனிரத்தினம் சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். ஒன்பதாவது தாளில் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பதாவது தாளில் பேனாவை மேசைமேல் எறிந்தார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கக்கூட யாரும் நிமிரவில்லை.

மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் அவர் ஒரு மனு எழுதினார். கல்வித்துறை இயக்குநருக்கு. கேள்வித்தாள் வருடத்துக்கு வருடம் சுலபமாகிக்கொண்டே போகிறது, விடைக்குறிப்பு அதைவிடச் சுலபம், முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு ஒரு பல்பும் பேட்டரியும் கொடுத்தால் எரிய வைக்கத் தெரியவில்லை, யோசிக்க வைக்கிற கடினமான கேள்விகளைக் கேளுங்கள் என்று ஒரு முழுப் பக்கம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் எல்லாம் கொண்டுபோய் நீட்டினார். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு குணசுந்தரியிடம் போனார். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு விடைத்தாள் விரிந்து கிடந்தது.

முனிரத்தினம் மனுவை வைத்துவிட்டுக் கேட்டார். "நீங்களே சொல்லுங்க டீச்சர். பரீட்சை சுலபமாயிடுச்சா, இல்லையா?"

குணசுந்தரி மனுவைப் பார்க்கவில்லை. சாயங்காலம் படிக்கிறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

மூன்று மணிக்கு அவர் கூப்பிட்டார். முனிரத்தினம் சந்தோஷமாகத்தான் போனார். மனுவில் முதல் கையெழுத்துக்கு என்று மேலே இடம் விட்டு வைத்திருந்தார். ஆனால் மேசைமேல் மனு இல்லை. காலையில் முனிரத்தினம் திருத்தி அனுப்பிய விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்திருந்தார் குணசுந்தரி. எழுபத்தைந்துக்குப் பதினெட்டு. இருபது எடுத்தால் தேர்ச்சி.

ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் போகிற தாளை முதன்மைத் தேர்வாளர் முழுதாகப் படித்தாக வேண்டும் என்பது விதி. அதனால்தான் படித்தேன் என்றார் குணசுந்தரி. இந்தத் தாள் நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

நினைவில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் நினைவு வந்தது. கோணல் எழுத்து. ஈரத்துணிக் கேள்விக்குப் பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அதில் விடைக்குறிப்பின் சொல் ஒன்றாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஒருமுறை பார்வையை ஓட்டியிருந்தார். ஒன்றும் கண்ணில் படவில்லை. ஓரத்தில் பூஜ்யம் போட்டு வட்டமிட்டிருந்தார்.

"கதை எழுதியிருக்கு டீச்சர். கீ வேர்டு ஒண்ணுகூட இல்லை."

"படிங்க."

"படிச்சேன் டீச்சர்."

"நீங்க தேடினீங்க. இப்ப படிங்க."

முனிரத்தினம் நின்றபடியே படித்தார்.

'துணி காய்வதைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. உப்பு விளைவது தெரியும். ரெண்டும் தண்ணி வத்துறதுதான். பாத்தியில் தண்ணியை ஆழமாகக் கட்டினால் வத்த நாளாகும். அகலமாகப் பரப்பி விரல் கனத்துக்குக் கட்டினால் சீக்கிரம் வத்தும். மேற்கே இருந்து மேகாத்து அடித்தால் நல்லா உப்பு பூக்கும். காத்து நின்றால் அதுவும் நின்றுவிடும். மாசி வெயிலை விட சித்திரை வெயிலில் ரெண்டு நாள் முன்னாடியே உப்பு வாரலாம். கடல் பக்கம் இருந்து கொண்டல் காத்து வந்து உடம்பு பிசுபிசுன்னு இருக்கிற அன்றைக்கு எவ்வளவு வெயில் அடித்தாலும் உப்பு இறங்காது. கடைசியில் பாத்தியில் நிற்கிற தண்ணி மட்டும் எத்தனை நாள் விட்டாலும் முழுசாக வத்தாது. தொட்டால் எண்ணெய் மாதிரி இருக்கும். அம்மா வரப்பை வெட்டி அதை வெளியே விடுவாங்க. அது மட்டும் ஏன் வத்த மாட்டேங்குது என்று எனக்குத் தெரியவில்லை.'

படித்து முடித்ததும் தாளை மேசைமேல் வைத்தார். குணசுந்தரி விடைக்குறிப்பை அவர் பக்கம் தள்ளினார். நான்கு சொல்லுக்கும் நான்கு வரியைக் காட்டச் சொன்னார்.

அகலமாகப் பரப்பி என்ற இடத்தில் முனிரத்தினம் விரலை வைத்தார். பிறகு மேகாத்தில். பிறகு சித்திரை வெயிலில். நான்காவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. பிசுபிசு என்ற சொல்லில் விரல் நின்றது.

விடைக்குறிப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார் குணசுந்தரி. பொருத்தமான வேறு விடை எழுதியிருந்தாலும் மதிப்பெண் வழங்கலாம் என்று அச்சிட்டிருந்தது. அதை இதுவரை பார்த்ததுண்டா என்று கேட்டார்.

முனிரத்தினத்துக்குக் கோபம் வந்தது. இப்படி இரக்கப்பட்டு இரக்கப்பட்டு மார்க் போட்டுத்தானே இந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இரக்கமா?" என்றார் குணசுந்தரி.

அவர் குரல் உயரவில்லை. ஆனால் பதினாறு வருடத்தில் முனிரத்தினம் அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"ஈரப்பாதத்துக்கு எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு மார்க்."

"எத்தனை பேருக்கு?"

"எழுதின எல்லாருக்கும்தான் டீச்சர். எழுத்துப்பிழைதானே. அர்த்தம் புரியுதே."

"யாருக்குப் புரியுது?"

முனிரத்தினம் விடைக்குறிப்பைத் திரும்பப் பார்த்தார்.

"உங்களுக்குப் புரியுது. எனக்குப் புரியுது. எழுதின பிள்ளைக்கு என்ன புரிஞ்சுது? ஈரமான காலைத் தூக்கி வச்சுக்கிட்டா துணி காயும்னு எழுதியிருக்கு. அதுக்கு ஒரு மார்க் போட்டோம். அதுதான் முனிரத்தினம் இரக்கம். இந்தத் தாளுக்கு நான் இரக்கம் கேட்கலை."

முனிரத்தினம் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, வட்டத்துக்குள் இருந்த பூஜ்யத்தை அடித்தார். நான்கு என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். கூட்டலைத் திருத்தினார். இருபத்திரண்டு. அந்தப் பிள்ளை தேறிவிட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்து எழுந்தார். குணசுந்தரி உட்காரச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். விடையின் கடைசி வரியைக் காட்டினார்.

"இதுக்குப் பதில் எழுதுங்க."

கடைசித் தண்ணீர் ஏன் வற்றவில்லை. முனிரத்தினம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். உப்புச் செறிவு அதிகமானால் ஆவியாதல் குறையும் என்று எழுதினார். ஏன் குறையும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எண்ணெய் மாதிரி ஏன் இருக்கிறது? உப்பு எல்லாம் இறங்கிவிட்ட பிறகு அதில் மிச்சம் இருப்பது என்ன? அவர் உப்பளத்தைப் பார்த்ததே இல்லை. அரைப் பக்கம் எழுதி, எழுதியதைக் கிறுக்கினார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டார்.

"தெரியலை டீச்சர்."

"எனக்கும் தெரியலை. மத்தியானம் பூரா சாப்பிடாம யோசிச்சேன். ஏதோ பாதி தெரியுது, மீதி தெரியலை. இருபத்தெட்டு வருஷமா ஆவியாதல் நடத்துறேன். எனக்கு இதைக் கேட்கணும்னு ஒரு நாள் தோணலை." அவர் தாளை விரலால் தட்டினார். "இது ஃபெயிலாகிப் போயிருக்கும். நாம ரெண்டு பேரும் டீச்சர்னு சம்பளம் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்."

இந்தப் பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டார் முனிரத்தினம். கண்டுபிடித்தால், எங்காவது விசாரித்துப் பதிலையாவது எழுதி அனுப்பலாம். குணசுந்தரி தாளின் முகப்பைத் திருப்பிக் காட்டினார். பெயர் இருந்த பாகம் கிழிக்கப்பட்டிருந்தது. ஒரு எண் மட்டும் இருந்தது. ஏதோ கடற்கரை ஊர். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கேள்வி இங்கே வந்து சேர்ந்துவிட்டது, பதில் போக வழியில்லை என்றார்.

முனிரத்தினத்துக்கு அப்போது அவருடைய வகுப்பு நினைவுக்கு வந்தது. ஜூலை மாதம், ஈரப்பதம் பற்றிப் பேச்சு வந்த அன்று, நந்திதா என்ற மாணவி எழுந்து நின்றாள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டிலின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார் என்று சொன்னார். அவள் உட்கார்ந்தாள். மார்ச் வரைக்கும் மறுபடி எழுந்திருக்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டாள். இதை அவர் குணசுந்தரியிடம் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு அடுத்த கட்டுகள் வந்து இறங்கின. எல்லோரும் எழுந்து போய் வாங்கிக்கொண்டார்கள். முனிரத்தினம் மட்டும் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். குணசுந்தரி மேசை இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்தார். மேலிருந்து கீழே, முப்பத்தொரு பெயர்கள் வரைக்கும் நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போடாமல் திருப்பி நீட்டினார்.

"இதுல எழுதினது தப்பா டீச்சர்?"

"தப்பில்லை. எல்லாம் நிஜம்தான்."

"அப்புறம் ஏன்..."

"கஷ்டமான கேள்வி வேணும்னு கேட்டிருக்கீங்க" என்றார் குணசுந்தரி. "ஒண்ணு வந்துச்சு. காலையில அதுக்கு முட்டை போட்டு அனுப்பினீங்க."