சுருளுக்குப் பின்னால் யார்?

“இன்னும் எத்தனை தடவைதான் மேடம் பார்க்கச் சொல்வீங்க?” என்று கேட்டார் ஞானசுந்தரம்.

குரு ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை மெதுவாகச் சீடர் பக்கம் நகர்த்தினார்.

மறுபடியும் கையெழுத்து இல்லை. குருவின் பேனா மூடி போட்டபடியே மேஜைமேல் கிடந்தது.

ஞானசுந்தரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். ஐம்பதைத் தாண்டியவர். முனைவர் பட்டம் வாங்கியே தீருவதென்று விடுப்பு எடுத்துக்கொண்டு, மலைமேல் இருக்கும் இந்த ரேடியோ தொலைநோக்கிக்கு வந்து சேர்ந்தவர். குருவாக வாய்த்த டாக்டர் அமலோற்பவிக்கோ வயது அவரைவிடக் குறைவு. குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கையெழுத்துதான் வந்தபாடில்லை.

வெள்ளிக்கிழமையோடு விடுப்பு முடிகிறது. இனி ஒரு விடுப்பு கிடைக்காது. கையெழுத்து இல்லாமல் இறங்கினால், போன மாதிரியே திரும்பி வந்தார் என்று துறையில் எல்லோரும் பேசுவார்கள்.

“நடுவுல என்ன இருக்கு சார்?” என்று கேட்டார் குரு.

அதே கேள்வி. அதே குரல். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கூடக் காதைக் கொஞ்சம் நீட்டித்தான் அந்தக் குரலைப் பிடிக்க வேண்டும். டாக்டர் அமலோற்பவி அதட்டி ஒரு சொல் பேசி, அந்த மலையில் யாரும் கேட்டதில்லை.

ஞானசுந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை விரித்தார்.

வானத்தில் ஒரு துண்டு. இந்தப் பக்கம் ரேடியோ அலை வீசும் ஒரு மேகம், அந்தப் பக்கம் அதேபோல் இன்னொரு மேகம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர ஒளிக்கே பல லட்சம் வருஷம் பிடிக்கும். நடுவில் இருந்துகொண்டு எதுவோ இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சி அடித்திருக்கிறது.

அந்த நேர் நடுவில் ஒரு பிரம்மாண்டமான சுருள் விண்மீன் மண்டலம். கோலம் போட்டது போலக் கைகளைச் சுழற்றி வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாததாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

“ஒரு சுருள் மண்டலம் இருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? அது பீய்ச்சி இருக்காது மேடம். இவ்வளவு பெரிய தாரை விடுறதெல்லாம் முட்டை வடிவ மண்டலங்க. ஒண்ணோட ஒண்ணு மோதி, முரடாப் போன கிழடுங்க. சுருள் சாது. அதுபாட்டுக்குச் சுத்தும், அதுபாட்டுக்கு நட்சத்திரம் பெத்துக்கும். வருஷா வருஷம் பசங்களுக்கு நான் இதைத்தானே நடத்துறேன்!”

“அப்ப இந்தத் தாரை யாரோடது?”

“சுருளுக்குப் பின்னால ஒரு முட்டை ஒளிஞ்சிருக்கு. அத்தியாயத்துலயே எழுதியிருக்கேனே.”

“தேடினீங்களா?”

“தேடினேன்.”

“இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப?”

“ரொம்ப மங்கலா இருக்கும். பெரிய தொலைநோக்கி வேணும்.”

“பெரிய தொலைநோக்கியோட படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்துட்டோமே சார்.”

“அதைவிடப் பெரிசு வேணும்!”

குரு எழுந்தார். கதவைத் திறந்து வாசற்படியில் போய் நின்றுகொண்டார். வெளியே நல்ல வெயில்.

எதிரே மரத்தடியில் காவலாளி பொன்னுத்தாயி உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார்.

பொன்னுத்தாயியின் தொண்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வளாகத்துக்குள் செல்போன் கூடாது. அதன் அலை பட்டால் வானத்திலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞை கெட்டுப்போகும். ஆகவே யாருக்கு விருந்தாளி வந்தாலும், யாருக்குப் பார்சல் வந்தாலும், கேட்டில் நின்றபடியே பொன்னுத்தாயி ஒரு குரல் விடுவார். மலைச்சரிவில் இருப்பவனுக்கும் அது கேட்கும்.

குருவோ காதுக்கு எட்டாத குரல்காரர். ஞானசுந்தரம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடம், தாரை சுருளோடதுதான்னு நீங்களே ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் வாயை மூடிக்கிறேன்.”

“நான் எழுதினா, அது நான் பார்த்ததுதான் சார். நீங்க பார்த்ததா ஆகாது.”

“நேத்துக் கேட்டதுக்கு ஒரு டம்ளர் டீயைத் தள்ளி வச்சீங்க. அதுக்கு முந்தின நாள் ஜன்னலைத் திறந்து விட்டீங்க. டீயிலயும் ஜன்னல்லயும் நான் என்னத்தக் கண்டுபிடிக்கிறது?”

குரு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுருள்னு எழுதினா தேர்வாளர் சிரிப்பாரு மேடம். எனக்குப் பயமா இருக்கு. இந்த வயசுல ஒரு சபையில உட்கார்ந்து என்னால சிரிப்பு வாங்க முடியாது.”

“தெரியும் சார்.”

“தெரியும்னா, எதுவா இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!”

சொன்னதும் ஞானசுந்தரம் நாக்கைக் கடித்துக்கொண்டார். குருவிடம் இப்படியா பேசுவது?

குரு கோபிக்கவில்லை. வாசற்படியில் காலை ஊன்றினார். மூச்சை உள்ளே இழுத்தார்.

கத்தினார்.

அதில் சொல் என்று ஒன்றும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய வெறும் கத்தல். தகரக் கூரையிலிருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. ஞானசுந்தரத்தின் நாற்காலி, அவரையும் வைத்துக்கொண்டு, சுவர்வரை போய் நின்றது.

அடுத்த நிமிஷம் சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தார் சமையல்காரர் வேலப்பன். நேரே மரத்தடிக்குப் போனார்.

“ஏ பொன்னுத்தாயி! உனக்கு அறிவிருக்கா? ராத்திரி முழுக்க வேலை பார்த்தவங்க மேல தூங்குறாங்க. பட்டப்பகல்ல இப்படியா காட்டுக்கத்தல் கத்துவ?”

பொன்னுத்தாயியின் இரண்டு கன்னமும் போண்டாவில் உப்பியிருந்தன. அதுவும் வேலப்பன் சுட்ட போண்டா. வாயைத் திறக்க வழியில்லாமல், விரலை நீட்டி வாசற்படியைக் காட்டினார்.

வேலப்பன் திரும்பிப் பார்த்தார்.

வாசற்படியில் குரு நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் இன்னும் முழுசாக மூடவில்லை.

“சும்மா கதை விடாத,” என்றார் வேலப்பன். “மேடமாவது கத்துறதாவது!”

பொன்னுத்தாயி மறுபடி விரலை நீட்டினார்.

வேலப்பனுக்குச் சந்தேகம் வந்தது. வாசற்படிக்கு வந்தார்.

“மேடம், கொஞ்சம் தள்ளிக்குங்க. உங்களுக்குப் பின்னால எவளோ ஒளிஞ்சிருக்கா.”

குரு தள்ளி நின்று வழிவிட்டார்.

வேலப்பன் கதவுக்குப் பின்னால் பார்த்தார். அலமாரிச் சந்தில் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து, ஞானசுந்தரத்தின் காலை விலக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஒருத்தியும் இல்லையே சார்,” என்றார்.

ஞானசுந்தரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க இருட்டா இருக்கு, அதான் தெரியல,” என்று வேலப்பன் நிமிர்ந்தார். “இருங்க, பெரிய டார்ச் ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்.”

ஞானசுந்தரம் மேஜைமேல் கையை நீட்டி, மூடி போட்டுக் கிடந்த குருவின் பேனாவை எடுத்துத் திறந்து, அத்தியாயத்தில் ஒளிந்திருக்கும் முட்டையைப் பற்றி எழுதியிருந்த வரியை அடித்தார்.

“டார்ச் வேண்டாம் வேலப்பன்,” என்றார்.