உப்பு அம்பாரத்தில் எடுத்த படம்

"டீச்சர், இந்த ரெண்டு கையையும் எடுத்துரணும்."

கோயில்பிச்சை படத்தை நீட்டினார். பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

சொர்ணம் டீச்சர் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். அவள் எதிரே ஒரு பொடியன் பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாளிக்குக் கீழே வாய் மட்டும் தெரிந்தது. அந்த வாய் சிரித்தது. காமிரா சொடுக்கியது.

"உக்காருங்க அண்ணாச்சி."

அவர் நாற்காலி தேடினார். அந்த ஸ்டூடியோவில் நாற்காலி இல்லை.

"இங்க எல்லாருக்கும் தரைதான்" என்றாள் அவள், எழுந்திருக்காமலே.

கோயில்பிச்சை நின்றுகொண்டிருந்தார்.

தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பது வருஷம் சங்கம் நடத்தியவர் அவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு போயிற்று. மீதியைக் கூட்டத்து வாசலில் விற்கும் நாலணாப் பிரசுரங்களில் படித்துக்கொண்டார். ஆசான் என்று எவர் முன்னாலும் உட்கார்ந்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்வார்.

சொர்ணத்துக்கு வயது நாற்பது. பால்வாடியில் பதினொரு வருஷம் பிள்ளைகளை மேய்த்தவள். பால்வாடியை மூடினார்கள், காமிரா வாங்கினாள். பட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயது கோயில்பிச்சையும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

வாளிப் பையனை அவன் அம்மா தூக்கிக்கொண்டு போனாள். வாளியையும் கேட்டு அவன் அழுதுகொண்டே போனான்.

சொர்ணம் எழுந்து படத்தை வாங்கிப் பார்த்தாள்.

உப்பு அம்பாரம், மலைபோல. உச்சியில் இருபத்தேழு வயதுக் கோயில்பிச்சை. மடித்துக் கட்டிய வேட்டி, வானத்தைக் குத்தும் முஷ்டி, திறந்த வாய். கணுக்கால் இரண்டையும் கீழேயிருந்து இரண்டு கைகள் பிடித்திருந்தன. முழங்கைக்குக் கீழே படம் முடிந்துவிட்டது.

"நல்ல படம் அண்ணாச்சி."

"சங்கத்துக்குப் பொன்விழா. மலர் போடுதாங்க. அட்டைக்கு இதுதான்னு முடிவாயிருக்கு. அந்த முடிவுக்கே ஏழு கமிட்டி கூடிச்சு. ராத்திரிக்குள்ள அச்சகத்துல குடுக்கணும்."

"கையை என்னத்துக்கு எடுக்கணும்?"

"பாத்தா யாரோ என்னையப் பிடிச்சு நிறுத்துன மாதிரியில்லா இருக்கு?"

"பிடிக்கலையா?"

"பிடிச்சான். இல்லைங்கல. ஆனா அது துரோகி கை."

அந்தக் கைகளின் சொந்தக்காரன் பெயர் கொம்பையா. ஒரே பாத்தியில் இருவரும் உப்பு வாரியவர்கள். பின்னால் வந்த பெரிய வேலைநிறுத்தத்தின் அறுபத்தோராம் நாள், கேட்டதில் பாதிக்கு ஒத்துக்கொண்டு முதலாளிகளிடம் கையெழுத்துப் போட்டு வந்தான் கொம்பையா. கேட்டால், பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன என்றான். அன்றோடு பேச்சு நின்றது. முப்பத்துநாலு வருஷம். ஒரே பஸ்ஸில் ஏற நேர்ந்தால் கோயில்பிச்சை அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே போவார்.

"முகம்கூட விழல. வெறும் கை. அதுக்கு எதுக்கு அட்டையில இடம்?"

"எடுத்துரலாம்" என்றாள் சொர்ணம். "நான் தினம் பாக்குற வேலைதான். உக்கார மாட்டாத பிள்ளையை யாராச்சும் பிடிச்சுக்கிடுவாங்க. பெறவு கம்ப்யூட்டர்ல பிடிச்ச கையை அழிச்சிருவேன். பிள்ளை தானா உக்காந்த மாதிரி இருக்கும்."

"அதான். அதான் வேணும்!"

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பெண், தோளில் ஆறு மாதக் குழந்தையோடு வந்து நின்றாள்.

"டீச்சர், இப்பதான் தூங்கி முழிச்சா. பாலும் குடிச்சுட்டா."

"வா பிரின்ஸி. நல்ல நேரம்." சொர்ணம் படத்தை அலமாரியில் வைத்துவிட்டாள்.

"டீச்சர், என் வேலை?"

"பிள்ளை சிரிப்பு அரை மணி நேரம் தாங்காது அண்ணாச்சி. உங்க படத்துக் கை நாப்பத்தஞ்சு வருஷமா அங்கனயே இருக்கு. ஓடிப் போயிராது."

பிரின்ஸி சிரித்துவிட்டாள். கோயில்பிச்சைக்கு மீசை துடித்தது.

சுவரிலிருந்து தரைவரை ஒரு நீலத் துணி தொங்கியது. அதில் இரண்டு கிழிசல்கள், பின்னாலிருந்து கையை விட்டுப் பிள்ளையைப் பிடிக்க.

"வீட்டுக்காரரு எங்கட்டி?"

"ஹார்பர்ல டூட்டி டீச்சர். நானே பிடிச்சுக்கிடுதேன்."

"நீ பின்னால போனா அது திரும்பித் திரும்பி உன்னையத் தேடும். நீ முன்னால நிக்கணும்."

சொர்ணம் கோயில்பிச்சையைப் பார்த்தாள். பிரின்ஸியும் பார்த்தாள். குழந்தையும் பார்த்தது.

"நானா?"

"இங்க வேற யாரு இருக்கா அண்ணாச்சி?"

தரையில் உட்கார்ந்தார். முழங்கால் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. துணியை அவர் தலைமேல் போட்டாள். கைகளைக் கிழிசல் வழியாக வெளியே விட்டார். அந்தக் கைகளுக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்தாள்.

"இறுக்காதிய. விரலை மடக்காதிய. கட்டைவிரலைப் படுக்கப் போடுங்க. பிடிச்சிருக்கிறது பிள்ளைக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா நெளியும்."

"உப்பு மூடை தூக்குன கை டீச்சர் இது. இது என்ன, ஒரு பூசணிக்காய் கனம்…"

"பேசாதிய. நீங்க இப்ப சுவரு. சுவரு பேசுனா பிள்ளை பயந்துரும்."

பேசாதே என்று போலீஸ் அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது. ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

வெளியே கூத்து ஆரம்பித்தது. துணிக்குள் சத்தம் மட்டும் வந்தது.

கிலுகிலுப்பை. ரப்பர் வாத்தின் கீச்சு. பிரின்ஸியின் வளையல்.

"நிலானி! நிலானிக் குட்டி! இங்க பாரு, அம்மா காணோம்… இந்தா, அம்மா!"

"என்ன டீச்சர், முறைச்சுக்கிட்டே இருக்கா?"

"கமிட்டித் தலைவி மாதிரில்லா உக்காந்திருக்கா. இரு, காக்கா கத்திப் பாப்போம்."

சொர்ணம் காக்காய் மாதிரி கத்தினாள். நாய் மாதிரி குரைத்தாள். குழந்தை அசையவில்லை.

ஐந்து நிமிடம் வரை கோயில்பிச்சைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மணிக்கட்டு கனத்தது. தூக்கவும் கூடாது, விடவும் கூடாது. அந்த நடுவில்தான் கை செத்துப் போயிற்று. முழங்கையில் ஆரம்பித்த வலி தோளுக்கு ஏறியது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. வெளியே யாருக்கும் அவர் நினைப்பு இல்லை. எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று விரல்களில் ஒரு வெதுவெதுப்பு.

"ஐயோ டீச்சர், ஒண்ணுக்குப் பெஞ்சுட்டா!"

"விட்டுராதிய அண்ணாச்சி! விட்டுராதிய!"

காலையில் தேங்காய்ச் சிரட்டை கீறிய கட்டைவிரலில் சுருக்கென்று எரிந்தது. உப்பு. அவருக்குத் தெரியாத உப்பா. பல்லைக் கடித்தார். விடவில்லை.

சொர்ணம் தும்மினாள். பொய்த் தும்மல். "அ… அ… அச்ச்சூ!"

அவர் உள்ளங்கைக்குள் ஏதோ நடந்தது. ஒரு சின்ன விலாக்கூடு குலுங்கியது. இன்னொரு தும்மல். மறுபடி குலுங்கியது, இப்போது விடாமல், அலை அலையாக. குழந்தையின் சிரிப்பு காதுக்கு வருமுன் அவர் கைக்கு வந்தது. கையிலிருந்து நெஞ்சுக்குப் போயிற்று. இருட்டுக்குள் கோயில்பிச்சையும் சிரித்தார், சத்தம் வராமல்.

"சிரிக்கா! டீச்சர், சிரிக்கா!"

காமிரா சொடுக்கிக்கொண்டே இருந்தது.

துணியை எடுத்தபோது பிரின்ஸி பிள்ளையை வாரிக்கொண்டு முத்தமாகப் பொழிந்துகொண்டிருந்தாள். காமிராவில் படத்தைப் பார்த்தாள், கண் கலங்கினாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினாள். பாதிப் படியில் நினைவு வந்து, "தாத்தா, வாறேன்!" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

அவர் கை கழுவிவிட்டு வந்தார். சொர்ணம் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

தம்ளர் கையில் நிற்கவில்லை. தேநீர் வேட்டியில் தளும்பியது. தம்ளரைத் தரையில் வைத்தார். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கித் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. குனிந்து தரையிலிருந்தே ஒரு வாய் உறிஞ்சினார்.

உறிஞ்சியவர் குனிந்தபடியே இருந்துவிட்டார்.

அந்தப் படம் எடுத்த அன்று சாயங்காலம். கூட்டம் முடிந்து, மாலையும் கழுத்துமாக எல்லோரும் தேநீர்க் கடையில். கொம்பையா மட்டும் கிளாஸைக் கையில் எடுக்கவில்லை. பெஞ்சில் வைத்தபடி, குனிந்து, வாயை வைத்து உறிஞ்சினான்.

"என்னலே, மாடு கழனித்தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்க?" என்று கேட்டது கோயில்பிச்சைதான். கடை முழுக்கச் சிரித்தது. கொம்பையாவும் சிரித்தான்.

"அண்ணாச்சி, பாக்க வாறியளா?"

சொர்ணம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதுவும் தரையோடு ஒரு சின்ன மேசை. அவர் நகர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரையில் நிலானி. பொக்கை வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு. தான் பிடித்திருந்து, தான் மட்டும் பார்க்காத சிரிப்பு.

"அடேயப்பா" என்றார். "இவ்வளவு சிரிச்சாளா?"

"இவ்வளவு சிரிச்சா."

அவள் சுட்டியை நகர்த்தினாள். லத்தியடியில் கோணிப்போன அவர் சுண்டுவிரல் முதலில் நீலமாயிற்று. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு. இடது கை போயிற்று. வலது கை போயிற்று. நிலானி தானாக உட்கார்ந்திருந்தாள்.

கோயில்பிச்சை தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப உங்க படம்."

பழைய படம் ஸ்கேனரில் ஏறித் திரைக்கு வந்தது. அவள் அதைப் பெரிதாக்கினாள். முஷ்டி மேலே போய் மறைந்தது. வாய் மறைந்தது. வேட்டி மறைந்தது. திரை முழுக்க இரண்டு கணுக்கால், இரண்டு கை.

நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் அந்தப் படத்தில் அந்த இடத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

விரலெல்லாம் வெடிப்பு. வெடிப்பெல்லாம் உப்பு. கட்டைவிரல் இரண்டும் இறுக்காமல், படுக்கப் போட்டபடி இருந்தன.

"அன்னைக்கு எவ்வளவு நேரம் பேசினிய?"

"ரெண்டு மணி நேரம்… கூடவே இருக்கும்."

"நான் உங்களைத் துணிக்குள்ள வச்சிருந்தது பதினெட்டு நிமிசம்."

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"அம்பாரம் சரியாதா அண்ணாச்சி? நான் பாத்திருக்கேன், ஒரு குருவி உக்காந்தாலே பொலபொலன்னு இறங்கும்."

"சரியும்."

"நீங்க விழலையே."

"விழல. கோயில்பிச்சை ஏறி நின்னா உப்பும் சரியாதுன்னு ஊரெல்லாம் பேச்சு. நோட்டீசுலயே அச்சடிச்சோம். எழுதுனதே நான்தான்."

சொர்ணம் சுட்டியைக் கொம்பையாவின் இடது கைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

"எடுத்துரவா?"

கோயில்பிச்சை கையை உயர்த்தித் தடுத்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இறங்குனதும் என்னையத் தோள்ல தூக்கிட்டுப் போயிட்டானுவ டீச்சர். திரும்பிப் பாக்கல. அவன் எப்படி எந்திரிச்சான்னுகூட எனக்குத் தெரியாது."

அவள் சுட்டியை அந்தக் கைமேலிருந்து நகர்த்தினாள்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"படத்தை இன்னும் கொஞ்சம் கீழ இழுக்க முடியுமா?"

"கீழ ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. காகிதம் முடிஞ்சிருச்சு."

"உனக்குத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுமே. அழிக்கத் தெரியுது… அவன் முகத்தைக் கொண்டாரத் தெரியாதா?"

சொர்ணம் சுட்டியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"படத்துல விழாத முகத்தை நான் எங்க போய்க் கொண்டாருவேன்? ஆளு இருக்காரா?"

"இருக்கான். முத்தையாபுரத்துல, மக வீட்டுல."

"கூப்பிட்டா வருவாரா?"

"கூப்பிட்டா வரமாட்டான்." சற்று யோசித்தார். "போய் வாசல்ல நின்னா வருவான்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் படம் எடுக்க வெளிச்சம் இருக்கும், அண்ணாச்சி."