நாடா போட்ட கோடு

கிட்ட வந்து உட்காருங்க. கத்தி பிடிக்கத் தெரிந்தவர் பாவாடை நாடா பார்க்கக் கற்றுக்கொண்ட கதை இது.

இருதயராஜ் டாக்டருக்குப் பெரியவர்கள் வயிறு அத்துப்படி. தலை நரைத்த பிறகு பிள்ளைகளுக்கும் அறுவை செய்யக் கற்க வேண்டுமென்று திலகவதி டாக்டரிடம் வந்து சேர்ந்தார். குரு அவரைவிட இளையவர்.

அன்றைக்குச் செவ்வந்தி என்று ஒரு பன்னிரண்டு வயசுப் பெண் வந்திருந்தாள். கணையத்தில் சாத்துக்குடி அளவுக்கு நீர்க்கட்டி.

“போன மாசம் சைக்கிள்லேர்ந்து விழுந்தா டாக்டரம்மா. ஹேண்டில்பார் வயித்துல குத்திடுச்சு” என்றாள் தாய்.

இருதயராஜுக்கு அது போதும்.

“அடிபட்ட கணையம் கசிஞ்சு தேங்கின குட்டை, மேடம். இரைப்பைக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டா தானா வடிஞ்சிடும்.”

“அடிபடாமலே வளர்ற கட்டியா இருந்தா? அதை முழுசாத் தூக்கணும். வாய்க்கால் வெட்டினா உள்ளேயே சிந்திப் பரவும்.”

“பிள்ளைங்களுக்கு அது லட்சத்துல ஒண்ணு, மேடம்.”

“அந்த ஒண்ணு இங்க வந்து உட்காராதா?”

திலகவதி ஸ்கேன் படத்தைக் கவிழ்த்து வைத்தார். சிறுமியின் பக்கம் திரும்பினார்.

“பாவாடையை எங்கே கட்டுவே, கண்ணு?”

அவள் தொப்புளுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். “மேல கட்டினா அழுத்துது.”

“ஏத்திக் கட்டுடின்னு கத்தினாலும் கேக்க மாட்டா. கேட்டா ஸ்டைலாம்!” என்றாள் தாய்.

திலகவதி சட்டையை லேசாகத் தூக்கினார். இடுப்பில் இரண்டு கோடுகள். மேலே ஒன்று, மறையப் போவது. கீழே ஒன்று, நாடா அழுத்தி அழுத்திக் காய்ப்புக் காய்த்துக் கறுத்தது.

இருதயராஜ் குனிந்து பார்த்தார். ஒரு மாசத்தில் வருகிற கறுப்பா அது?

“எப்பலேர்ந்தும்மா இறக்கிக் கட்டுறா?” என்று அவரே கேட்டார்.

“தீபாவளிப் பாவாடையிலேயே ஆரம்பிச்சிட்டா.”

அப்போது ஆடி மாசம். இருதயராஜ் நிமிர்ந்தார்.

“சைக்கிள்லேர்ந்து விழறதுக்கு முன்னாடியே கட்டி இருந்திருக்கு, மேடம்.”

மறுபடி சோதித்தார்கள். அந்த லட்சத்தில் ஒன்றேதான். ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுசாக எடுத்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது செவ்வந்தி பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, “இப்ப சரியாம்மா?” என்று தாயைச் சீண்டினாள்.

அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்த இருதயராஜ் கேட்டார். “நாடாவைப் பார்க்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு, மேடம்?”

திலகவதி அவருடைய பெல்ட்டைப் பார்த்தார். கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது. உள்பக்க ஓட்டைகள் ஒவ்வொன்றும் இழுபட்டு வாய் பிளந்து கிடந்தன.

“உங்களுக்குத் தொப்பை எப்ப வந்துச்சுன்னு நான் ஸ்கேன் எடுத்தா பாக்கணும், டாக்டர்?”